நம்ம சுவர்

செங்கொடி மறுபடியும் நின்றுவிட்டாள்.

நீல ரன்வேயில் அத்தனை வேகமாக ஓடி வந்தவள், ஸ்பிரிங்போர்டுப் பலகைக்கு ஒரு கை தூரத்தில், யாரோ பின்னாலிருந்து சடையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்று, பக்கவாட்டில் தடுமாறி, கை ஊன்றித் தாண்டும் வால்ட் மேசைமேல் கை பட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டாள். அந்தப் புத்தி மட்டும் இருந்தது. பலகையையோ மேசையையோ தொட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தொடவில்லை என்பதால் இன்னொரு முறை ஓடலாம். ஒரு மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள், பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஓட்டத்திலும் நின்றால் பூஜ்யம், பூஜ்யம் வாங்கினவளுக்கு மாநில அணியில் இடம் கிடையாது. இது ஊருக்குத் தெரிந்த விஷயம். ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. இன்றைக்கும் நின்றால் இதோடு ஜிம்னாஸ்டிக்ஸை விட்டுவிடுவது என்று திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும் ரயிலிலேயே முடிவு செய்திருந்தாள். அழாமல், யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல், பல் தேய்ப்பது மாதிரி சாதாரணமாக எடுத்த முடிவு. அப்படி எடுத்த முடிவுகள்தான் மாறாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இப்போது தொடக்கக் கோட்டுக்குத் திரும்பி நடக்க வேண்டும். அதற்குள் தலைமை நடுவர் அம்மா கையை உயர்த்தினார். பலகையின் ஸ்பிரிங் ஒன்று இடம் மாறியிருக்கிறதாம், சரி செய்த பிறகுதான் அடுத்த ஓட்டமாம். சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்கு நேரம் கிடைத்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு வேண்டவே வேண்டாத ஒரே பொருள் அதுதான்.

ஓடும்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற ரன்வே, திரும்பி நடக்கும்போது பொன்மலையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் நீண்டுகொண்டு போகிறது. நின்னுட்டேன். அரங்கம் முழுக்கப் பார்த்திருக்கும். பார்க்கவில்லை என்றும் சொல்லலாம், ஏனென்றால் அந்தப் பக்கம் பீம் என்கிற ஒற்றைக் கட்டைமேல் ஈரோட்டுப் பெண் ஒருத்தி சுழன்றுகொண்டிருக்கிறாள், கைதட்டல் அவளுக்குப் போகிறது. ஆனால் நின்றவளுக்கு எல்லாக் கண்ணும் தன் முதுகில்தான். கேலரியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் தயிர்சாத டப்பா. செங்கொடி அந்தப் பக்கம் திரும்பாமலே அம்மா என்ன செய்கிறாள் என்று சொல்லிவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். மகள் ஓட ஆரம்பித்ததும் மூடுவாள், சத்தம் கேட்டால் திறப்பாள். மேசைமேல் கை அறையும் சத்தம், மெத்தையில் கால் விழும் சத்தம். இன்றைக்கு எந்தச் சத்தமும் வராததால் இன்னும் மூடியபடியே இருப்பாளோ. பாவம், திறம்மா, நின்னுட்டேம்மா. கோச் ரொசாரியோ சார் மேசைக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். அவர் கத்தவில்லை. அதுதான் மோசம். ரொசாரியோ சார் கத்தினால் ஆள் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். "என்னா மேன், கால்ல ஆணியா அடிச்சிருக்கு?" என்று ஆண்பிள்ளை பெண்பிள்ளை பார்க்காமல் எல்லாரையும் மேன் போட்டுக் கத்துகிற மனுஷன், அவளைக் கடந்து எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். கை கழுவிவிட்டாரோ என்னவோ. கழுவட்டும். தானும் கழுவப்போகிறவள்தானே. அப்படியிருந்தும் அவர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் இந்த நடை கொஞ்சம் குறைந்திருக்கும் என்று இருந்தது.

பயம் என்றார்கள். இரண்டு வருஷமாக இந்த ஒரே வார்த்தைதான். முதல் தடவை நின்றபோது வயிறு சரியில்லையா என்று கேட்டார்கள். அடுத்த தடவைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பயம் என்பது அவள் கூடப் பிறந்த தங்கை மாதிரி எல்லா இடத்துக்கும் வர ஆரம்பித்தது. எதனால் பயம், எங்கேயாவது விழுந்தாளா, அடிபட்டதா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளே பல தடவை நினைத்திருக்கிறாள். ஒரு கட்டு, ஒரு மாவுக்கட்டு, இதோ இதனால்தான் என்று நீட்டிக் காட்ட ஏதாவது ஒன்று. அம்மா அவளைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கைக்குழந்தையை நீட்டி ஊதச் சொல்கிற பெண்களின் வரிசையில், அத்தனை பிள்ளைகளும் இடுப்பில் இருக்க, செங்கொடி மட்டும் அம்மாவைவிட ஒரு தலை உயரமாக நின்றாள். தொழுகை நடத்திய ஹஜ்ரத் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பயந்தது இந்தப் பொண்ணா?" என்று கேட்டார். அம்மா, "ஆமாங்க பாய், ஓடிப்போயி ஓடிப்போயி நின்னுடுது" என்றாள். அவர் சிரிக்காமல் ஓதி, அவள் குனிந்த பிறகு ஊதினார். ஏலக்காய் வாசனை அடித்தது. வீட்டில் அப்பாவுக்கு இது தெரிந்து பெரிய ரகளை. ரயில்வே பணிமனையில் யூனியன்காரர், மகளுக்குச் செங்கொடி என்று பெயர் வைத்த ஆள், விடுவாரா. "ஊதுனா பறக்க எம்பொண்ணு என்ன பலூனா?" என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து கேட்டார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பயம்னா என்னன்னு யோசிச்சுப் பாரு புள்ள. காரணம் இல்லாம ஒண்ணும் வராது" என்றார். யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம் கொழுத்ததே தவிரக் காரணம் கிடைக்கவில்லை. அப்பாவின் வழியும் ஹஜ்ரத்தின் வழியும் அவள் விஷயத்தில் ஒன்றாகத்தான் போய் முடிந்தன.

ஆனால் ஆசை போகவில்லையே. அங்கேதான் சிக்கல். பயப்படுகிற பொருளைப் பார்த்தால் பிடிக்காமல் போக வேண்டும், நாயைக் கண்டு பயப்படுகிறவர்கள் நாயிடம் போவதில்லை. இவளுக்கோ வால்ட் என்றால் இன்னமும் உயிர். பார், பீம், தரை எல்லாம் செய்வாள், நன்றாகவே செய்வாள். ஆனால் மேசைமேல் இரண்டு கையையும் அறைந்து தலைகீழாக நிமிர்கிற அந்த இமைப்பொழுது வேறு எதிலும் கிடையாது. அரங்கமே கூரையிலிருந்து தொங்கும். மின்விசிறிகள் கீழே சுற்றும். மனிதர்கள் எல்லாரும் தலைகீழாக, அமைதியாக, நல்லவர்களாகத் தெரிவார்கள். அங்கே சத்தம் கிடையாது. பயமும் கிடையாது, சத்தியமாகக் கிடையாது. பயம் எல்லாம் அதற்கு முன்னால், பலகைக்கு வருகிற அந்தக் கடைசி எட்டுகளில். ஏன் அங்கே மட்டும்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும், அவளைப் போலவே. சரி விடு. மாமா வீட்டுக் கல்யாணத்தில் சித்தி, "இன்னுமா இவள அந்த டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டுக் குதிக்க விடுறீங்க?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. வயசுக்கு வந்த வருஷம் தெருவில் பேனர் வைத்தார்கள். அவள் படத்துக்குக் கிரீடம் எல்லாம் வைத்து, சுற்றிலும் மாமன்மார்கள் சிரிக்க. ரொசாரியோ சார் விருந்துக்கு வந்தார், பிரியாணியை ஒரு கை பார்த்தார், ஆனால் முகம் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. கை கழுவும் இடத்தில் அப்பாவிடம், "இனிமே ஒடம்பு கனக்கும் காம்ரேட். வளந்துட்டா கஷ்டம்" என்று சொன்னதைப் பட்டுப்புடவையோடு கதவுக்குப் பின்னால் நின்றவள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வளர்வது என்பது தான் செய்துகொண்டிருக்கும் ஒரு திருட்டு என்று ஆகிவிட்டது. இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவாள். தோளைக் குறுக்கி நடப்பாள். குழு போட்டோவில் முழங்காலை லேசாக மடித்துக்கொள்வாள். பாவாடையின் மடிப்பை அம்மா பிரித்துவிடும்போதெல்லாம், பூரித்துப்போய், "அப்பா ஒயரம்டி நீ" என்பாள். அம்மாவுக்குத் தெரியாது, அந்த வார்த்தை மகளுக்கு எப்படி எரியும் என்று.

நடந்து நடந்து தொடக்கக் குறிக்கு வந்துவிட்டாள். அந்தப் பக்கம் நீலச் சட்டைக்காரர் ஒருவர் மண்டியிட்டுப் பலகைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தார். ரன்வேயின் ஓரத்தில் அளவு நாடா ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தங்கள் பெண்களுக்கென்று அதன் பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கொள்வார்கள். சேலத்துப் பெண்களுக்கு ஆளுக்கொரு சாக்பீஸ் கோடு. பொன்மலைக்கு மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குறி, ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி. அதற்குப் பெயர் 'நம்ம சுவர்'. பொன்மலையில் அவர்கள் பயிற்சி செய்யும் ஹால் பழைய காலத்தில் நாடகம் போடக் கட்டியது. ஒரு கோடியில் மேசையும் மெத்தையும், மறு கோடியில் சுவர். நடுவில் இருக்கிற தூரம்தான் ஓடுவதற்கு. அதனால் பொன்மலைப் பெண்கள் சுவரில் முதுகை ஒட்டி நின்று, வலது குதிகாலால் சுவரை ஒரு உதை விட்டுத்தான் ஓட ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரியும். வெளியூர்ப் போட்டிக்கு வந்தால் ரன்வே தாராளமாகப் பின்னாலும் போகும், சுவர் இருக்காது. ஆனால் ரொசாரியோ சார் நாடாவைப் பிடித்து அளந்து, ஹாலில் சுவர் எங்கே இருக்குமோ சரியாக அங்கே பிளாஸ்திரியை ஒட்டி, "இதான் மேன் நம்ம சுவரு, காலுக்குப் பழகின எடம்" என்பார். பெண்களும் அங்கே போய், இல்லாத சுவரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து, இல்லாத சுவரைக் குதிகாலால் உதைத்துவிட்டு ஓடுவார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. சுவத்துப் பொண்ணுங்க வந்துட்டாங்கடி என்பார்கள். செங்கொடிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இப்போதும் வழக்கம் மாறாமல் பிளாஸ்திரியில் காலை வைத்து, முதுகை நிமிர்த்தி, காற்றில் சாய்ந்து நின்றாள்.

நின்றவள் தரையைப் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பது, முகங்களையா? ரன்வே புதிது, நல்ல அடர்நீலம். பாதத்தில் பூசியிருந்த வெள்ளைப் பவுடர் அதில் அப்படியே பதிந்திருந்தது. பொன்மலை ஹாலில் இதெல்லாம் தெரியாது. அங்கே விரித்திருக்கும் பாய் வருஷக்கணக்கில் பவுடர் குடித்துக் குடித்து மேலிருந்து கீழ்வரை வெளுத்துப்போனது. இங்கே கோலம் போட்ட மாதிரித் தெரிந்தது. சின்னச் சின்னதாக, நெருக்கமாக, ஒரே சீராகப் போய்ப் பலகையில் ஏறிய தடம் நஸ்ரினுடையது. அவளுக்கு முன்னால் ஓடியவள், அதே பிளாஸ்திரியிலிருந்து ஓடியவள், பொன்மலையிலேயே குட்டி. பஸ்ஸில் இடம் இல்லையென்றால் செங்கொடி மடியில்தான் உட்காருவாள். பக்கத்தில் பெரிய தடம் தன்னுடையது. என்ன இவ்வளவு பெரிதாக இருக்கிறது. பாதம் பெரிதாக இருப்பது தெரிந்ததுதான், ஒவ்வொரு பொங்கலுக்கும் செருப்பு மாற்றும்போது அம்மா புலம்புவாள். பாதம் இல்லை, இடைவெளி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நஸ்ரின் படுத்துக்கொள்ளலாம் போல ஒரு இடைவெளி. அப்படித் தாவித் தாவி அழகாகப் போகிற தடம், பலகைக்குச் சற்று முன்னால் திடீரென்று குறுகிக் குறுகி, கோழி கிளறின மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பக்கவாட்டில் சரிந்து முடிந்திருந்தது. அங்கேதான் பயம் வந்திருக்கிறது. எப்போதும் அங்கேதான் வரும். பார்த்தாயா, பயத்துக்குக்கூடத் தடம் பதிகிறது.

எதற்காகவோ அப்பா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போனால் அவர் நடப்பார், அவள் ஓடுவாள். அவருடைய ஒரு எட்டுக்கு இவளுக்கு ஓட்டமும் நடையுமாகப் பல எட்டு. முந்தாநாள் ரயிலேற்ற அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தார்கள். பை ஆடவே இல்லை. ஏன் ஆடவில்லை என்று அப்போது தோன்றவில்லை. அவர் கால் வைத்த நேரத்தில் இவள் காலும், அவர் வைத்த தூரத்தில் இவள் காலும் விழுந்துகொண்டே போயிருக்கின்றன. பின்னால் வந்த அம்மா, "ரெண்டும் ஒரே மாதிரி போகுது பாரு, ஒட்டகம் மாதிரி" என்றாள். ஒட்டகம். இப்போது அந்த நடைக்கும் இந்தத் தடத்துக்கும் நடுவில் என்னவோ ஒன்று தட்டியது. என்ன அது. விடாதே, போய்விடும். நஸ்ரின் எட்டு சரியாகப் பலகையில் போய் முடிகிறது. நஸ்ரின் அளவில் இருந்தபோது தன் எட்டும் இங்கிருந்துதான் போய்ச் சரியாக முடிந்தது. இப்போது எட்டு பெரிது. தூரம் அதே தூரம். அப்படியானால் கடைசி எட்டு பலகைக்குள் அடங்காது. அடங்காது என்று காலுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிகிறது, அதனால் கால் குறுக்குகிறது, குறுக்கினாலும் இடம் போதவில்லை, போதவில்லை என்றதும் நிற்கிறது. நின்ற பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயம் வந்து அவள் நிற்கவில்லை. நின்ற பிறகு பயம் வந்திருக்கிறது. இரண்டு வருஷமாக முன்னும் பின்னும் மாற்றிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சே, இதெல்லாம் சாக்கு. உடனே அப்படியும் தோன்றியது. பயந்தவர்கள் நன்றாகக் கணக்குப் போடுவார்கள். இவ்வளவு பெரிய விஷயம் இத்தனை வருஷமாக ரொசாரியோ சாருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் எப்போதும் மேசைக்குப் பக்கத்தில் அல்லவா நிற்கிறார், விழுந்தால் பிடிக்க. அங்கிருந்து பார்த்தால் ஓடி வருகிறவளின் முகம்தான் தெரியும், பாதம் தெரியாது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், முகத்தில் பயம் இருந்தது, பயம் என்றார். பொய் சொல்லவில்லை. ஹாலில் யாரும் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. போக முடியாது. பின்னால் செங்கல். அப்போது, முன்பு அதே ஹாலில் ஓடிய ரூபி அக்கா ஞாபகம் வந்தது. ரூபி அக்காவைப் போல வால்ட் செய்ய ஆளில்லை என்பார்கள். அவளும் நெடுநெடுவென்று வளர்ந்தாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்ப வரவில்லை. இப்போது தில்லைநகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள், பார்த்தால் ஜிம்னாஸ்டிக்ஸைப் பற்றிப் பேசவே மாட்டாள், எனக்குத் தைரியம் பத்தாதுடி என்று சிரிப்பாள். அவளுக்கு முன்னால் மகேஸ்வரி என்று ஒருத்தி. அவளுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேரோ. உயரமான பெண்களே பொன்மலையில் தங்குவதில்லை. செங்கொடிக்கு அழுகை வந்தது, தனக்காக இல்லை. தனக்கென்று வந்தது கோபமும் இல்லை. வெகுநாளாகக் காதில் அடைத்திருந்த தண்ணீர் சட்டென்று வெளியே ஓடின மாதிரி, எல்லாச் சத்தமும் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. பீமில் யாரோ கால் உரசுகிறார்கள். மேலே மின்விசிறி ஒன்று கிரீச்சிடுகிறது.

நீலச் சட்டைக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பலகை தயார். விளக்கு எந்த நேரமும் மாறும். பின்னால் போகலாமா? எவ்வளவு பின்னால்? அளந்து பார்க்க நேரமில்லை, கேட்க ஆளில்லை. பழகாத இடத்திலிருந்து ஓடி, அதிலும் தப்பிவிட்டால்? குறியிலிருந்து ஓடி நின்றால் பயந்தாள் என்று போய்விடும், அது எல்லோருக்கும் பழகின விஷயம், ஆறுதல் சொல்லக்கூட வசனங்கள் தயாராக இருக்கின்றன. குறியை விட்டு ஓடி நின்றால் திமிர் பிடித்து நின்றாள் என்றாகும், சொந்தப் புத்தியில் கெட்டாள் என்றாகும். அதோடு, பின்னால் போவது என்பதே பார்க்கிறவர்களுக்குப் பயந்து ஒதுங்குவது மாதிரித்தானே இருக்கும். அவளுக்கே அப்படித்தான் இருந்தது. மேசையை விட்டு இன்னும் தள்ளிப்போவதற்கு இத்தனை தைரியம் தேவைப்படும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். வலது காலைத் தூக்கிப் பிளாஸ்திரிக்குப் பின்னால் வைத்தாள். முதுகு கூசியது. நிஜமாகவே செங்கல்லில் இடித்துக்கொள்ளப் போகிறவள் மாதிரி முதுகு கூசியது, இத்தனை வருஷத்துப் பழக்கம். இடிக்கவில்லை. இடது காலையும் எடுத்துவைத்தாள். பெஞ்சில் இருந்த பொன்மலைப் பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து ரொசாரியோ சாரின் குரல் அரங்கைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏய் மேன்! எங்க போற? சுவத்துக்குள்ள போயிட்ட மேன்!"

கத்திவிட்டார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இன்னும் ஒரு எட்டுப் பின்னால் வைத்து, போதும் என்று கால் சொன்ன இடத்தில் நின்றாள். பச்சை விளக்கு. கையை உயர்த்தி நடுவர் அம்மாவுக்கு வணக்கம் காட்டினாள். முழங்காலை மடிக்காமல், தோளைக் குறுக்காமல், அப்பா கொடுத்த உயரம் முழுவதையும் நிமிர்த்தி நின்றுதான் காட்டினாள். உதைக்கச் சுவர் இல்லை, உதைக்கவில்லை. ஓடினாள். முதல் எட்டுகளில் கால்கள் வேறு யாருடையவோ மாதிரி இருந்தன, எங்கே போடுகிறாய் என்று கேட்கவேண்டும் போல. பிளாஸ்திரி அடியில் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு கால்கள் நீள ஆரம்பித்தன. நீளட்டும் என்று விட்டாள். இரண்டு வருஷமாகப் பிடித்துப் பிடித்து வைத்திருந்ததை விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. காற்று காதில் இரைந்தது. அந்த இடம் வருகிறது, எப்போதும் வருகிற அந்த இடம், இப்போது வரும் பார், இதோ. வரவில்லை. காத்துக்கொண்டிருந்த இடத்தில் பயத்துக்குப் பதில் பலகை இருந்தது. இரண்டு பாதமும் அதில் ஒன்றாக விழுந்தன. தூக்கி எறிந்தது. கைகள் மேசையை அறைந்தன. அரங்கம் தலைகீழாகத் தொங்கியது, எல்லாரும் நல்லவர்களாக.

இறங்கியதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழகாத வேகம், உடம்பு முன்னால் தள்ளிக்கொண்டு போய், கால் ஊன்றி, மறுபடி ஒரு பெரிய எட்டு வைத்து, மண்டியிட்டு, கையையும் ஊன்றித்தான் நின்றாள். எழுந்து நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தியபோது முழங்காலில் மெத்தையின் தடம் சிவந்திருந்தது. மதிப்பெண் பலகையில் எண் வந்தது. ஓட்டம் நின்றதற்கு ஒன்று போய், கை ஊன்றியதற்குப் போய், மிச்சம் இருந்தது சுமாரான எண். அணிக்கு அது போதுமா போதாதா என்பது சாயங்காலம் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். போதாமல்கூடப் போகலாம். அவளுக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. கேலரியில் அம்மா கண்ணைத் திறந்துவிட்டு, நடந்தது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்கு வருவதற்குள் நஸ்ரின் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே ரொசாரியோ சார் வந்தார், முகம் சிவந்து, கையில் அளவு நாடாவோடு.

"யாரக் கேட்டு மேன் அங்கேர்ந்து ஓடுன?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஸாரி சார் என்பதுதான் பதில். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"யாரையும் கேக்கல சார். நம்ம சுவத்துலேர்ந்து ஓடுனா என் எட்டுக்கு எடம் பத்தல. நீங்க வேணா அந்தத் தடத்தப் பாருங்க."

அவர் ரன்வே பக்கம் திரும்பினார். இரண்டு ஓட்டங்களின் வெள்ளைத் தடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஒன்று கோழி கிளறியும் ஒன்று நேராகவும். ரொம்ப நேரம் பார்த்தார். கையில் இருந்த நாடா தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் போனது. பிறகு அவளைப் பார்க்கத் திரும்பியவர், அவள் முகத்தைப் பார்ப்பதற்குத் தன் தலையை நிமிர்த்த வேண்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தவர் போல, அப்படியே நின்றார்.

"எப்ப மேன் இவ்ளோ வளந்த நீ?" என்றார், கத்தாமல்.

"நீங்க பயம் பயம்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்கல்ல சார்," என்றாள் செங்கொடி, குத்திக்காட்ட வேண்டும் என்று இல்லை, கேட்டதற்குத் தகவல் சொல்வது போல, "அப்பத்தான்."

ரொசாரியோ சார் சிரிக்கவில்லை. பின்னால் பெஞ்சு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.